கூவி எள்ளலும் இதழ்க்கடைச் சிரிப்பும்

ஆங்கிலத்தில் 'ஜியர்' என்றும் 'ஸ்னியர்' என்றும் இரு சொற்கள் உண்டு. ஒலியிலும் உறவினர், பொருளிலும் உறவினர். நம்மிடையே புழங்கும் ஆங்கில-தமிழ் அகராதிகளைப் புரட்டினால் இரண்டிற்கும் ஏறத்தாழ ஒரே விடைதான்: ஏளனம், இகழ்ச்சி, எள்ளல். மொழிபெயர்க்க அமர்கிறவருக்கு இது போதாது. ஜியர் வாயிலிருந்து வருவது, உரக்க வருவது, பெரும்பாலும் கூட்டமாக வருவது. பந்தைத் தவறவிட்ட ஆட்டக்காரனைப் பார்த்து அரங்கம் ஊளையிடுகிறதே, அதுதான். ஸ்னியருக்குக் குரலே வேண்டியதில்லை. மேலுதட்டின் ஓரம் சற்றே உயர்ந்து, மூக்கு சிறிது சுருங்கினால் போதும்.

மூக்கைச் சொன்னது காரணத்தோடுதான். தும்மல், குறட்டை, மோப்பம், விலங்கின் மூஞ்சி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் யாவும் 'ஸ்ன' என்றே தொடங்குகின்றன. ஸ்னியரும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 16ஆம் நூற்றாண்டில் அது குதிரை மூக்கால் சீறுவதைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில் மனிதரின் இகழ்ச்சிச் சிரிப்பிற்கு வந்து சேர்ந்தது. (குதிரைக்கு அதில் தீய எண்ணம் ஏதுமில்லை.)

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் களன்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைக்கிறார். செய்யுளியலிலோ அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாகப் பகுக்கிறார். வெளிப்படச் சொல்வது செம்பொருள். அதற்கு வசை என்றும் பெயர். பழியைச் சொல்லுக்குள் ஒளித்து வைப்பது பழிகரப்பு. ஜியரும் ஸ்னியரும் அப்படியே இங்கு வந்து அமர்ந்துவிட்டன என்று நண்பர்கள் சிலர் வாதிட்டனர். நாங்கள் உடன்படவில்லை. அதற்குக் காரணம் நூலில் கிடைத்ததன்று. எங்கள் நெய்வேலியில் கிடைத்தது.

ராட்சதச் சக்கர இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலாகப் பேசிப் பழகிய சுரங்கத் தொழிலாளர்களின் ஊர் இது. கேலியும் உரக்கத்தான் வரும். ஷிப்டு பேருந்தில் ஒருவரையொருவர் ஓட்டுவதைக் கேட்கும் வெளியூர்க்காரர் சண்டை என்றே எண்ணுவார்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு கவியரங்கம் நடந்தது. சுரங்கத்திற்கு நிலம் கொடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார்; ஒப்பந்தத் தொழிலாளி. நிலத்தோடு போன முந்திரித் தோப்பைப் பற்றிய கவிதை. நடுவே ஒரு சொல்லில் அவருக்கு நாக்குத் தடுக்கியது. பின்வரிசையில் ஊளை. "சங்கு ஊதிட்டாங்க, எறங்குப்பா!" என்றது ஒரு குரல். "எனக்கு நைட் ஷிப்டுண்ணே, இன்னும் நேரமிருக்கு" என்றார் இளைஞர். கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார், கவிதை முழுவதும் வாசிக்கப்பட்டது. எள்ளப்பட்டவர் தாமும் நகுவதை எள்ளலின் ஒரு கூறாகவே பழைய உரை கொள்கிறது.

பிறகு தலைமையுரை. "நல்ல முயற்சி. இவர்களும் எழுத வருகிறார்கள் என்பதே மகிழ்ச்சிக்குரியது" என்றார் தலைவர். அச்சிட்டுப் படித்தால் பாராட்டு. 'இவர்களும்' என்ற இடத்தில் மட்டும் உதட்டோரம் சற்றே கோணியது. இழிவுசிறப்பும்மை என்று இலக்கணம் இதற்குப் பெயரே வைத்திருக்கிறது. அருகிலிருந்த நாங்கள் மூவர் பார்த்தோம். ஊளையிட்டவரை அதட்டி அமர்த்தலாம். ஓர் உம்மையை எப்படி அதட்டுவது? இளைஞரும் பார்த்தார். அதன்பின் எந்தக் கூட்டத்திலும் அவரை நாங்கள் காணவில்லை.

இப்போது புறநானூற்றின் 95ஆம் பாடலுக்கு வருவோம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் அவனுடைய படைக்கலங்களைப் பார்க்கிறார். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் மனையில் அவை பொலிகின்றன. எம் மன்னனுடையவையோ நுனி முறிந்து கொல்லனின் கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார். புகழ்ச்சியின் தோற்றம், உள்ளே பழி. இதற்குமேல் நல்ல பழிகரப்பு வேண்டுமா? ஆயினும் இதை ஸ்னியர் என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை. ஔவை நிற்பது பகையரசனின் மனையில். படையுடையவனிடம், படையில்லாத ஒருத்தி, அவன் படையையே பற்றிச் சொல்கிறாள். எங்கள் தலைவர் பேசியதோ மேடையிலிருந்து, திருப்பிப் பேச இயலாத ஒருவரிடம். பழியை இருவரும் மறைக்கிறார்கள்தான். ஆனால் ஔவைக்கு அதில் ஆபத்து இருந்தது. தலைவருக்கு ஒரு பொன்னாடை இருந்தது.

ஆகவே ஸ்னியருக்குப் பழிகரப்பை நாங்கள் கொடுப்பதில்லை. 'இளக்காரம்' என்ற பேச்சுவழக்குச் சொல்லே எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. 'இளக்காரமாகப் பார்த்தான்' என்கிறோம். கண்ணுக்கும் உதட்டுக்கும் உரிய சொல். 'இளக்காரம் கொடுத்துவிட்டாய்' என்றும் சொல்வதுண்டு. அவமதிக்கப்பட்டவர் மீதே பழியைச் சாய்க்கும் வழக்கு அது. ஜியருக்குத்தான் ஒற்றைச் சொல் இன்னும் அமையவில்லை. 'கூவி எள்ளல்' என்று இரு சொற்களை வைத்து இப்போதைக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.