உடல் பழகும் பாடம்

நுழையும்முன்

உடலைப் பேணுதல் என்றதும் பருத்த தோள்களும் பளுதூக்கும் கருவிகளும் பலருடைய மனக்கண்ணில் தோன்றுகின்றன. அவை இல்லாதவர்க்கும் உடல்நலம் எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. வீட்டு முற்றத்திலும் பள்ளிப் படிக்கட்டிலும் தெருவிலும் அதைத் தேடிக்கொள்ளலாம். உடற்பயிற்சியைப் புதிதாகத் தொடங்குவோர் அறியவேண்டிய அடிப்படைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அசைவு நீங்கிய வாழ்க்கை

உரலும் உலக்கையும் அம்மியும் ஆட்டுக்கல்லும் புழங்கிய வீடுகளில் உடற்பயிற்சி என்று தனியே ஒன்று தேவைப்படவில்லை. கிணற்றில் நீர் இறைப்பது, குடத்தை இடுப்பில் ஏந்தி வருவது, நாற்று நடுவது, கதிர் அறுப்பது என நாள் முழுவதும் உடல் இயங்கிக்கொண்டே இருந்தது. அதற்காக அக்காலத்தைப் பொற்காலம் என்று கொள்வதற்கில்லை. போதிய உணவும் ஓய்வும் இன்றி உழைத்த உடல்கள் விரைவில் தளர்ந்தன. வீட்டுவேலையின் பெருஞ்சுமை பெண்கள்மீதே விழுந்தது. குழாய்நீரும் அரவை இயந்திரமும் அவர்களுக்குக் கிடைத்த விடுதலைகள். ஆனால், சுமை நீங்கியபோது அதனோடு அசைவும் நீங்கிற்று. நீங்கிய அசைவை வேறு வழியில் திரும்பக் கொண்டுவருவதே உடற்பயிற்சி.

இன்றைய மேல்நிலை வகுப்பு மாணவர் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறார். தனிப்பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். வீடு திரும்பியபின் புத்தகத்தின் முன்போ கைப்பேசியின் முன்போ உட்கார்ந்திருக்கிறார். பொதுத்தேர்வு நெருங்க நெருங்க, உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கோ இயற்பியலோ எடுத்துக்கொள்வதும் உண்டு. மாணவியர் நிலை இன்னும் கடினமானது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை கிளித்தட்டும் நொண்டியும் ஆடிய சிறுமியிடம், 'இனி ஓடியாடக் கூடாது' என்று வீடே சொல்லிவிடுகிறது. அவள் விளையாடிய இடத்தில் அவளுடைய தம்பி தொடர்ந்து விளையாடுகிறான்.

இந்த இழப்பு சிறிதன்று. எலும்பின் திண்மையில் பெரும்பகுதி பதின்பருவத்தின் இறுதிக்குள் சேர்ந்துவிடுகிறது. ஓடும்போதும் குதிக்கும்போதும் எலும்பின்மீது விழும் அழுத்தமே அதை உறுதியாக்குகிறது. முதுமையில் எலும்பு தேயும்போது செலவிடவேண்டிய சேமிப்பு இவ்வயதில்தான் சேர்கிறது. ஐந்து முதல் பதினேழு வயதுடையோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடலை ஓரளவு வேகத்துடன் இயக்கவேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

பேருந்து சொன்ன செய்தி

உடலியக்கத்துக்கும் இதயநலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தோர், தொடக்கத்தில் விளையாட்டுத் திடல்களைத் தேடிச் செல்லவில்லை. இலண்டன் மாநகரின் இரட்டை அடுக்குப் பேருந்துகளே அவர்களுக்கு ஆய்வுக்களமாயின. ஒரே பேருந்தில் இருவர் பணிபுரிந்தனர். ஓட்டுநர் நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் நூற்றுக்கணக்கான படிகளை நாள்தோறும் ஏறி இறங்கினார். இருவரின் உடல்நலத்தையும் ஒப்பிட்ட மருத்துவர் ஜெரி மாரிஸும் அவருடைய குழுவினரும் 1953ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். ஓட்டுநர்களைவிட நடத்துநர்களிடையே மாரடைப்பு குறைவாக இருந்தது. நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டுசென்ற அஞ்சல்காரர்களை, மேசையில் அமர்ந்து பணிபுரிந்த அஞ்சல்துறை ஊழியர்களோடு ஒப்பிட்டபோதும் இதே வேறுபாடு தெரிந்தது.

இம்முடிவில் ஓர் ஐயம் எழுந்தது. ஓட்டுநர் பணிக்குச் சேரும்போதே அவர்கள் பருமனானவர்களாக இருந்திருக்கலாம் அல்லவா? மாரிஸ் அந்த ஐயத்தை ஒதுக்கவில்லை. பணியாளர்களுக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவுப் பதிவுகளைத் தேடி எடுத்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாகவே இருந்தது. ஆகவே, பணியின் தன்மை ஒன்றையே காரணமாகக் கூற இயலவில்லை. பின்னர் அவர் அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரியும் அரசு ஊழியர்களை ஆராய்ந்தார். ஓய்வுநேரத்தில் உடலை நன்கு இயக்கியவர்களிடையே இதயநோய் குறைவாக இருந்ததை 1973ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார். உட்கார்ந்து செய்யும் வேலையே வாழ்வாக அமைந்தவர்க்கும் வழி அடைபடவில்லை என்பது இதனால் விளங்கிற்று. 1910இல் பிறந்த மாரிஸ், தம் 99ஆம் வயதில் மறைந்தார்.

உடலுக்குள் நிகழ்வது என்ன? நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, காலில் தேங்கும் குருதியை இதயம் நோக்கி மேலே தள்ளுகின்றன. இயங்கும் தசை குருதியிலுள்ள சர்க்கரையை இன்சுலினின் துணையின்றியும் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. உணவுக்குப்பின் சிறிது தூரம் நடப்பது நல்லது என்பதற்கு இதுவே காரணம். நீண்டநேரம் அமர்ந்து படிப்பவர், மணிக்கு ஒருமுறையேனும் எழுந்து நடப்பது கால்களுக்கும் முதுகுக்கும் நன்மை தரும்.

சிறிதாகத் தொடங்குதல்

புதிதாகத் தொடங்குவோர் பலர் முதல்நாளிலேயே தோற்றுவிடுகின்றனர். அதற்குச் சோம்பல் காரணமன்று. அளவு மீறிய ஆர்வமே காரணம். முதல்நாள் நூறு பஸ்கி எடுத்தவர் மறுநாள் படியிறங்கத் தடுமாறுகிறார். பழக்கமில்லாத உழைப்பால் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டு, ஓரிரு நாள்களில் வலி உச்சம் அடைகிறது. பின்னர்த் தானே தணிகிறது. அவ்வலியைக் கண்டு அஞ்சியவர் பயிற்சியையே கைவிட்டுவிடுகிறார்.

இதைத் தவிர்க்கும் வழி எளியது. முதல் இரண்டு வாரங்கள் நாளுக்குப் பத்து நிமிட நடை போதும். பிறகு அது பதினைந்து நிமிடமாகலாம், அடுத்து இருபதாகலாம். வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. நடந்துகொண்டே பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே மிதமான வேகம். தண்டால் எடுக்க விரும்புவோர் முதலில் சுவரில் கைகளை ஊன்றிப் பழகலாம்; அடுத்து உறுதியான மேசையின் விளிம்பில் பழகலாம்; கைகள் உறுதிபெற்றபின் தரைக்கு வரலாம். பஸ்கிக்கு நாற்காலியில் அமர்ந்து எழுவதே முதல் படி. கயிறு தாண்டுதலுக்கு ஒரு முழுச் சுவரின் அகலமுள்ள இடம் போதும்.

முதல் சில வாரங்களில் கண்ணாடியில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால், முன்பு ஐந்து முறை எடுத்த தண்டாலை இப்போது எட்டு முறை எடுக்க முடிகிறது. தசை பெருகுவதற்கு முன்பே, இருக்கும் தசையை நன்கு இயக்க நரம்புகள் கற்றுக்கொள்வதே இதற்குக் காரணம். இந்த உண்மையை அறியாத இளைஞர் சிலர், ஒரே மாதத்தில் உடல் திரளவேண்டும் என்று விளம்பரங்களை நம்பி மாவுகளையும் மருந்துகளையும் நாடுகின்றனர். மருத்துவர் அறிவுரையின்றி ஊக்க மருந்துகளைக் கொள்வது கல்லீரலுக்கும் இதயத்துக்கும் கேடு விளைவிக்கும்.

ஒருநாள் பயிற்சி தவறினால், மறுநாள் வழக்கமான அளவிலிருந்தே தொடரவேண்டும். தவறியதை ஈடுசெய்ய இருமடங்கு செய்தல் கூடாது. பயிற்சியின்போது நெஞ்சுவலி, மயக்கம், மூட்டில் கூர்மையான வலி ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை அணுகவேண்டும்.

தெரியுமா?

நாளுக்குப் பத்தாயிரம் அடிகள் நடக்கவேண்டும் என்னும் கணக்கு மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்கு அடுத்த ஆண்டான 1965இல், சப்பான் நாட்டில் அடிகளை எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. 'பத்தாயிரம் அடி அளவி' என்பது அதன் பெயரின் பொருள். அமெரிக்காவில் முதிய பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிகளுக்குமேல் அக்குறைவு தொடரவில்லை.

உணவும் உறக்கமும்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறினை உண்ணும் முறைக்கே ஒதுக்கியுள்ளார். நோயின் காரணத்தை ஆராய்வதும் மருத்துவர் கடமையும் அவற்றின் பின்னரே வருகின்றன. உண்பது செரித்தபின் பசியறிந்து உண்ணுதல் என்னும் அம்முறைக்கு விலையுயர்ந்த பொருள்கள் தேவையில்லை. கேழ்வரகும் கம்பும் பயறும் நிலக்கடலையும் முட்டையும் கீரையும் வளரும் உடலுக்கு வேண்டிய பலவற்றைத் தருகின்றன. காலை உணவைத் தவிர்த்துவிட்டு மாலையில் பொரித்த தின்பண்டங்களால் பசியாறுவது இம்முறைக்கு நேர்மாறானது.

சிறிது தூரம் நடந்தாலே சோர்ந்துபோகும் மாணவியைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுடைய பெண்களில் 59 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். அவளுக்கு முதலில் தேவைப்படுவது குருதிப் பரிசோதனை. பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையைக் கைப்பையில் போட்டுவிடாமல் உட்கொள்வதும் உடற்பயிற்சியின் ஒரு பகுதியே.

பதினான்கு முதல் பதினேழு வயதுடையோர்க்கு எட்டு முதல் பத்து மணிநேர உறக்கம் தேவை. உழைத்த தசை தன்னைச் சீராக்கிக்கொள்வதும், பகலில் படித்தவை நினைவில் நிலைபெறுவதும் உறக்கத்தில்தான். தேர்வுக்காக உறக்கத்தைக் குறைப்பவர், படித்ததன் ஒரு பகுதியையே இழக்க நேரிடும்.

தடையும் வழியும்

எல்லார்க்கும் திடல் கிடைப்பதில்லை. நடைபாதை இல்லாத சாலைகளும் இருட்டிய தெருக்களும் பலரை, குறிப்பாகப் பெண்களை, வீட்டுக்குள் நிறுத்துகின்றன. இதைத் தனிமனிதரின் மன உறுதியால் மட்டும் வெல்ல இயலாது. உடற்கல்விப் பாடவேளையை உடற்கல்விக்கே விட்டுவைப்பது பள்ளியின் பொறுப்பு. மகனுக்குக் கொடுத்த மாலைநேரத்தை மகளுக்கும் கொடுப்பது வீட்டின் பொறுப்பு. அதுவரை மொட்டைமாடியும் முற்றமும் பள்ளி வளாகமும் பயன்படட்டும். தோழியர் இருவர் சேர்ந்து நடந்தால் துணையும் கிடைக்கும். ஒருவர் சோர்ந்த நாளில் மற்றவர் அழைத்துச் செல்வார்.

மேல்நிலை வகுப்பு மாணவர் எழுதும் பொதுத்தேர்வுகள் ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடும். அத்தேர்வுகளை எழுதிய உடலோடு அவர் இன்னும் பல பத்தாண்டுகள் வாழவேண்டியிருக்கும். பத்து நிமிட நடைக்கு ஒதுக்கும் நேரத்தால் மதிப்பெண் குறைந்துவிடாது. நாளைய மாலையே தொடங்குவோர்க்கு, ஆண்டிறுதியில் அது இயல்பான பழக்கமாகிவிட்டிருக்கும்.