நைட் டியூட்டிக்கு ஐந்து பேர்

2019இல் ஒரு தனியார் மருத்துவமனைக்கு டியூட்டி ரோஸ்டர் மென்பொருள் எழுதினேன். வார்டு, ஷிஃப்ட், ஆள் எண்ணிக்கை. ஸ்டாஃப் நர்ஸுக்கும் நர்சிங் அசிஸ்டெண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டாமா என்று கேட்டேன். “எல்லாரும் நர்ஸ்தானே சார், ஒரே கட்டமா வையுங்க” என்றார் நிர்வாகி. வைத்தேன். 30 படுக்கைக்கு 5 பேர் இருந்தால் திரை பச்சையாகிவிடும்.

மூன்று வருஷம் கழித்து அப்பாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். வேறு ஊர், வேறு மருத்துவமனை. அன்று ராத்திரி அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. இருபது வயசுகூட இருக்காது, ஒரு பெண் வந்து பார்த்தாள். “காய்ச்சல் இல்லண்ணா. பிபி கொஞ்சம் கம்மி. எழுதிட்டேன்.” எழுதித்தான் இருந்தாள், மணிக்கு மணி. நாடித்துடிப்பு 92, 104, 118. ஒவ்வொரு எண்ணும் சரி. மூன்றையும் சேர்த்து வாசிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு மாடிக்கும் சேர்த்து ஒரே ஸ்டாஃப் நர்ஸ். அவர் மேலே வர நாற்பது நிமிஷம் ஆனது. சார்ட்டைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார், உடனே டாக்டருக்கு போன் போட்டார். உள்ளே ரத்தக்கசிவு. அப்பா பிழைத்துக்கொண்டார்.

அந்த வார்டிலும் ஐந்து பேர்தான். என் திரையில் பச்சை.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமே இல்லை. விடியவிடிய அப்பாவைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்தது அவள்தான். ஆனால் ஸ்டாஃப் நர்ஸ் என்றால் மூன்று வருஷ டிப்ளமோ, இல்லை நாலு வருஷ பி.எஸ்சி. அவருடைய ஒரு சம்பளத்தில் இப்படி இரண்டு பெண்களை வைத்துக்கொள்ளலாம் என்றால், யாரை எத்தனை பேர் வைப்பது என்று முடிவு செய்வது வார்டு இல்லை, சம்பளப் பட்டியல்.

பிறகுதான் தேடிப் படித்தேன். லிண்டா எய்க்கன் குழு ஆறு ஐரோப்பிய நாடுகளில் செய்த ஆய்வு, 2016இல் வந்தது. 25 நோயாளிக்கு ஒரு நர்ஸ் வீதம் குறைத்து அந்த இடத்தில் உதவியாளரைப் போட்டால், இறப்பு வாய்ப்பு 21 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது. அது தொடர்புதான், நிரூபணம் இல்லை. ஆனாலும் அந்த 118 எனக்கு ஞாபகம் வந்தது. கலிஃபோர்னியாவில் 2004 முதல் நர்ஸ் விகிதம் சட்டமாக இருக்கிறது. உரிமம் இல்லாத உதவியாளர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். ஒரு இஃப் கண்டிஷன். எனக்கு அரை நாள் வேலை.

கட்டத்தைப் பிரித்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று அந்த நிர்வாகிக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை. போன மாசம் அங்கிருந்து கூப்பிட்டார்கள், ரிப்போர்ட்டில் லோகோ சரியாக வரவில்லையாம்.