அக்கா கேரண்டி

"கம்பெனி மேல மட்டும் கேஸ் போடுங்க சார். அக்கா மேல வேணாம்."

2023 டிசம்பரில் தன் தாயோடு என் அலுவலகத்துக்கு வந்த அந்தப் பெண் முதலில் சொன்னது இதைத்தான். அக்கா என்றதும் கூடப் பிறந்தவரோ பெரியப்பா மகளோ என்று நினைத்தேன். "அந்த அக்காவ நான் நேர்ல பார்த்ததே இல்ல சார். இன்ஸ்டால தான்" என்றாள்.

பிறகு துப்பட்டாவை விலக்கினாள். இரண்டு கன்னமும் வெந்நீர் பட்டதுபோல் சிவந்திருந்தன. நெற்றி நிறையப் பொடிப் பொடியாகப் பருக்கள், தாடையோரம் பூனைமுடி. "அடுப்புப் பக்கம் போக முடியலை சார், எரியுதுங்கிறா. வெயில்ல பத்து நிமிஷம் நிக்க முடியலை" என்றார் தாய்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. வயது 23. அந்த வருடம் ஆகஸ்டில் ஒரு ரீல்ஸ் பார்த்து முகக் கிரீம் வாங்கியிருக்கிறாள். விலை 799 ரூபாய். அக்காவின் கூப்பன் கோடைப் போட்டால் 120 ரூபாய் தள்ளுபடி. டியூபில் '100 சதவீதம் மூலிகை' என்று அச்சிட்டிருந்தது.

பூசத் தொடங்கிப் பத்தே நாளில் முகம் வெளுத்துப் பளபளத்தது. கடையில் எல்லோரும் கேட்டார்கள். தோழி ஒருத்தி அதே கோடைப் போட்டு அதே கிரீமை வாங்கினாள். அக்டோபர் கடைசியில் டியூப் தீர்ந்தது. இன்னொன்றுக்கு ஆர்டர் போட்டாள். தீபாவளி நெரிசலில் கூரியர் தாமதமானது. கிரீம் பூசாத ஒரே வாரத்தில் முகம் வெடித்துவிட்டது. ஜவுளிக்கடைக்கு வருடத்தின் பெரிய வியாபாரம் நடக்கும் நாட்களில் அவளைச் சேலைப் பிரிவிலிருந்து எடுத்துக் குடோனில் போட்டார்கள். விற்பனைக்குக் கிடைக்கும் இன்சென்டிவ் போனது.

அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவர் பார்த்ததும் கேட்டாராம்: "என்ன கிரீம் போட்ட? நிறுத்தினதும்தானே இப்படி ஆச்சு?" பின்னர் நான் நேரில் சந்தித்தபோது அவர் எனக்கு விளக்கினார். ஸ்டீராய்டு கலந்த கிரீம் முகத்தின் ரத்த நாளங்களைச் சுருக்கும், நிறமி உண்டாவதைக் குறைக்கும். அதனால் முதல் சில வாரங்கள் முகம் தெளிவது உண்மை. பிறகு தோல் மெலியும், பரு வரும், முடி முளைக்கும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பொங்கிக்கொண்டு வரும். அது தாங்காமல் மறுபடி பூசுவார்கள். அவர் சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதியிருந்தார். அந்த வருடம் கேரளத்தின் மலப்புறம் பக்கம் வெளுப்பு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததும், பாதரசம் கலந்த கிரீம்களைப் பிடிக்க அங்கே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று சோதனை நடத்தியதும் அவர் மனதில் இருந்தன. நல்லவேளையாக இவளுக்குச் சிறுநீரகத்தில் பாதிப்பில்லை.

மருத்துவர் சொன்னதில் ஒன்று என் மனதில் தங்கிவிட்டது. முதல் சில வாரங்கள் முகம் தெளியும் என்றால், அந்த நாட்களில் வாங்கியவர்கள் எழுதும் பாராட்டு பொய்யல்ல. மனதாரத்தான் எழுதுகிறார்கள். அந்தப் பாராட்டைப் பார்த்து அடுத்தவர் வாங்குகிறார். முகம் கெட்ட பிறகு யார் போய் எழுதுவார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பார்கள்.

ஆதாரங்களைச் சேர்க்க உட்கார்ந்தேன். ரீல்ஸை அவள் முன்பே போனில் ரெக்கார்ட் செய்து வைத்திருந்தாள், தோழிக்குக் காட்ட. அது பெரிய உதவி. நாங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய மூன்றாம் நாள் ரீல்ஸ் காணாமல் போனது. ஸ்டோரியாகப் போட்டவை 24 மணி நேரத்தில் தானாகவே மறைந்திருந்தன. பதிவோடு அப்போதிருந்த சாட்சியச் சட்டம் 65பி பிரிவின்படி சான்றும் இணைத்தேன். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பிடிப்பதில்லை என்றாலும், மின்னணு ஆதாரத்தில் சந்தேகம் கிளப்ப இடம் கொடுக்கக் கூடாது.

அந்த 90 விநாடி ரீல்ஸை இருபது முறையாவது பார்த்திருப்பேன். சமையலறை. பின்னால் குக்கர் விசில். முப்பதைத் தாண்டிய பெண்மணி, திண்டுக்கல் பக்கத்துப் பேச்சு. வெயிலில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போய்த் தன் முகம் கறுத்துப்போன கதையில் தொடங்குகிறார். கணவர் கவனித்ததைச் சொல்லிச் சிரிக்கிறார். கிரீம் ஐம்பதாவது விநாடியில்தான் கையில் வருகிறது. "நானே மூணு மாசமா போடுறேன் தங்கங்களா. ஒண்ணும் பண்ணாது. அக்கா கேரண்டி" என்று முடிக்கிறார். எழுத்துப் பகுதியில் பதினான்கு ஹேஷ்டேகுகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் 'ஆட்' என்ற இரண்டெழுத்து.

எங்கள் காலத்தில் தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தால் தெரியும். பாட்டு மாறும், எழுந்து தண்ணீர் குடிக்கப் போவோம். விற்க வந்தவன் வாசலில் நிற்கிறான் என்று தெரிந்த வீட்டில், கதவைத் திறப்பதும் திறக்காததும் நம் கையில் இருந்தது. இந்தப் பெண் கதவைத் திறந்தது அக்காவுக்கு. ஊரை விட்டு விடுதியில் தங்கி வேலை பார்ப்பவள். தினம் ராத்திரி பதினோரு மணிக்கு அந்த அக்காவின் சமையலும் பிள்ளைகளின் சண்டையும் பார்த்துவிட்டுத்தான் தூங்குவாளாம். ஒரு முறை இவள் போட்ட கமென்டுக்கு "சாப்டியாடா?" என்று பதில் வந்திருக்கிறது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள்.

அதனால்தான் "அக்கா மேல வேணாம்".

நான் அவளிடம் பொறுமையாகக் கேட்டேன். "ஏம்மா, அவங்க சொல்லலைன்னா நீ வாங்கியிருப்பியா?" நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள். 2024 பிப்ரவரியில் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கலானது. நிறுவனம் முதல் எதிர்மனுதாரர், அந்தப் பெண்மணி இரண்டாவது. நிறுவனத்தின் விலாசம் வேறு மாநிலம். ஆனால் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இழப்பைச் சந்தித்தவர் ரயிலேற வேண்டியதில்லை என்ற இந்த ஒரு மாற்றத்துக்காகவே அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

பெண்மணியின் வக்கீல் வைத்த வாதம் லேசானதல்ல. அவர் எதையும் விற்கவில்லை, புகார்தாரர் அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை, ஆகவே இருவருக்கும் இடையே நுகர்வோர் உறவே கிடையாது. பொய் விளம்பரத்துக்குத் துணைபோனவருக்கு 21ஆம் பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், ஒரு வருடம் வரை விளம்பரம் செய்யவே தடை விதிக்கலாம். ஆனால் அந்த அதிகாரம் டெல்லியில் உள்ள மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத்தான், மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. இது சட்டப்படி சரி.

நான் பிடித்துக்கொண்டது கூப்பன் கோடை. பில்லில் அவர் பக்கத்தின் பெயரிலேயே கோடு அச்சாகியிருந்தது. அந்தக் கோடு வழியாக விற்ற ஒவ்வொரு டியூபுக்கும் அவருக்கு 60 ரூபாய். என் கட்சிக்காரர் கொடுத்த 679 ரூபாயில் 60 ரூபாய் அவர் கைக்குப் போயிருக்கிறது. எங்கே உறவு இல்லை? சட்டத்தின் 2ஆம் பிரிவில் 'பொருள் விற்பவர்' என்பதற்கான விளக்கத்தில் சந்தைப்படுத்துபவரும் வருகிறார். உற்பத்தியாளர் தந்த உத்தரவாதத்துக்கு அப்பால், விற்பவர் தானாக ஓர் உத்தரவாதம் தந்து பொருள் அதன்படி இல்லையென்றால் அவர் பொறுப்பு என்கிறது 86ஆம் பிரிவு. 'அக்கா கேரண்டி' அந்தத் தனி உத்தரவாதம் அல்லாமல் வேறென்ன என்று கேட்டேன்.

'ஆட்' என்று போட்டு அறிவிப்பு செய்தோம் என்ற அவர்களுடைய வாதத்துக்கும் பதில் இருந்தது. 2023 ஜனவரி 20 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல், பணமோ இலவசப் பொருளோ வேறு ஆதாயமோ வாங்கிக்கொண்டு பேசினால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் கலந்துவிடக் கூடாது. காணொளியென்றால் காணொளிக்குள்ளேயே வர வேண்டும். பேசும் மொழியிலேயே இருக்க வேண்டும். திண்டுக்கல் தமிழில் 90 விநாடி பேசிவிட்டு ஆங்கிலத்தில் இரண்டெழுத்தை ஒளித்து வைப்பது யாருக்கான அறிவிப்பு? வழக்கு நடந்துகொண்டிருந்த 2024 மே மாதத்தில், பதஞ்சலி விளம்பர வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஹிமா கோலியும் அஹ்சானுதீன் அமானுல்லாவும், தவறான விளம்பரத்தில் தோன்றும் பிரபலங்களுக்கும் இன்ஃப்ளூயன்சர்களுக்கும் சமமான பொறுப்பு உண்டு என்றார்கள். அதையும் எழுத்துபூர்வ வாதத்தில் சேர்த்தேன்.

ஆனால் வழக்கின் போக்கை மாற்றியது என் வாதமல்ல. அந்தப் பெண்மணியே தாக்கல் செய்த ஒரு காகிதம்.

எழுதிக் கொடுத்ததைத்தான் பேசினேன் என்று காட்ட, நிறுவனத்தின் ஏஜென்சி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்பைத் தாக்கல் செய்தார். விளம்பரம் என்று தோன்றக் கூடாது. வீட்டுப் பேச்சாக இருக்க வேண்டும். முதல் பாதியில் பொருளைக் காட்ட வேண்டாம். மூன்று மாதமாக நானே பயன்படுத்துகிறேன் என்று சொல்ல வேண்டும். அவருக்கு டியூப் வந்து சேர்ந்த தேதி கூரியர் ரசீதில் இருந்தது, ரீல்ஸுக்கு ஐந்து நாள் முன்பு. கிரீமை ஒரு முறைகூடப் பூசியதில்லை என்று அவர் பிரமாண வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டார். அந்த ரீல்ஸுக்கு 6,000 ரூபாய் பெற்றிருக்கிறார். குக்கர் விசிலும் கணவர் கவனித்த கதையும்கூட அந்தக் குறிப்பில் வந்தவைதாமா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கவும் மனம் வரவில்லை.

நிறுவனத்தின் வக்கீலும் ஒரு காகிதம் வைத்திருந்தார். நிறுவனத்தின் பக்கத்தில் என் கட்சிக்காரரே ஆகஸ்ட் கடைசியில் எழுதிய கமென்ட்: "சூப்பர் ரிசல்ட். எல்லாரும் வாங்குங்க, நம்பி வாங்கலாம்." கீழே 41 பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். குறுக்கு விசாரணையில் அதைப் படித்துக்காட்டி, "இது நீங்கள் எழுதியதுதானே?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றாள். "அப்போது யாராவது காசு கொடுத்தார்களா?" "இல்ல சார். நெசமாவே நல்லா இருந்துச்சு." அவளுடைய குரல் உடைந்தது அங்கேதான். தோழியும் எங்களுக்காகப் பிரமாண வாக்குமூலம் கொடுத்திருந்தாள். அவளுக்கும் முகம் கெட்டிருந்தது. ஆனால் தாழ்வாரத்தில் இருவரும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை.

தாமதமாக வந்த இரண்டாவது டியூபை அவள் பிரிக்கவே இல்லை. சீல் உடையாத அந்த டியூபை ஆணையம் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியது. கிளோபெட்டசால் இருப்பதாக அறிக்கை வந்தது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத வீரியமான ஸ்டீராய்டு. திறந்த டியூபில் நாங்களே எதையோ கலந்தோம் என்று சொல்லத் தயாராக இருந்த நிறுவனத்துக்கு அதற்குப் பிறகு பேச அதிகம் இல்லை. அறிக்கையின் நகலை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் மத்திய ஆணையத்துக்கும் அனுப்பினோம்.

இறுதி வாதத்துக்கு முன் அந்தப் பெண்மணி சமரசத்துக்குச் சம்மதித்தார். நான் உள்ளுக்குள் விரும்பவில்லை. 86ஆம் பிரிவில் ஒரு தீர்ப்பு வாங்க வேண்டும், நாளை இன்னொரு வழக்குக்கு அது உதவும் என்ற ஆசை. என் கட்சிக்காரர் கேட்டது வேறு. "அக்கா அதே பக்கத்துல, அதே மாதிரி தமிழ்ல, நான் போடவே இல்லன்னு சொல்லணும் சார். எனக்குக் காசு வேணாம்." கட்சிக்காரர் விருப்பத்துக்கு மேல் வக்கீலுக்கு ஆசை கூடாது. சமரச மையத்தில் அந்தப் பெண்மணி இவளை முதன்முதலாக நேரில் பார்த்தார். கன்னத்தில் கை வைக்கப் போய், எரியும் என்று நினைத்தாரோ என்னவோ, கையை இழுத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் காணொளி போட்டார். 'விளம்பரம்' என்ற சொல்லைத் தமிழில் சொன்னார். பணம் வாங்கியதையும் பூசாததையும் சொன்னார்.

நிறுவனத்துக்கு எதிரான உத்தரவு 2025இல் வந்தது. கிரீம் விலை, மருத்துவச் செலவு, 1,25,000 ரூபாய் இழப்பீடு, வழக்குச் செலவு 10,000. விளம்பரத்தை நிறுத்தித் திருத்த விளம்பரம் வெளியிடவும் உத்தரவானது. நகலை வாங்கிக்கொள்ள வந்த அன்று அவளுடைய கன்னத்தில் சிவப்பு பெரும்பாலும் தணிந்திருந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "சார், இப்ப அந்தக் கமென்டை அழிக்கலாமா?"

வழக்கு நடக்கும்போது அதைத் தொடக் கூடாது, அது ஆவணம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். "மேல்முறையீட்டுக்கு 45 நாள் இருக்கும்மா. அதுவரை பொறு" என்றேன்.

மாநில ஆணையத்தின் மதுரை அமர்வில் மேல்முறையீடு வரவில்லை. பணம் வந்தது. 46ஆம் நாள் காலையில் அவள் அழித்துவிடவில்லை. தன் கமென்டுக்குக் கீழேயே நடந்ததை நான்கு வரியில் எழுதினாள், பரிசோதனை அறிக்கையின் முதல் வரியோடு. மத்தியானத்துக்குள் நிறுவனம் அந்த நான்கு வரியையும் நீக்கிவிட்டது. மேலே "நம்பி வாங்கலாம்" மட்டும் இருந்தது. சாயங்காலம் மறுபடி எழுதினாள், மறுபடி போனது. ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தாள்: "அழிச்சுட்டேன் சார்."