கோடு இல்லாத நோட்டும் ஃப்ரெட் இல்லாத கிட்டாரும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நான் வாசித்துப் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, "சார், கிட்டாரில் குறுக்குக் கம்பிகளையே காணோமே, கழன்று விழுந்துவிட்டதா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். விழவில்லை, அது பிறந்ததே அப்படித்தான். அதன் பெயர் ஃப்ரெட்லெஸ் பேஸ் கிட்டார். என் பழைய மாணவன் ஒருவனும் சேமித்த பணத்தில் இதே மாதிரி ஒன்று வாங்கியிருக்கிறான். ஆறு மாதமாகியும் சத்தம் கட்டை கட்டையாக வருகிறதாம். கடையில் "ஃப்ரெட் அடித்துத் தருகிறோம்" என்றார்களாம். "அடிச்சிரவா, வித்துரவா சார்?" என்று தனியாக எழுதிக் கேட்டிருக்கிறான்.

இரண்டும் வேண்டாம் தம்பி. அந்தப் பலகையில் ரம்பம் பட்டுவிட்டால் பழையபடி ஆக்குவது லேசில்லை. முதலில் இதைப் படி.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த நாட்களில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு பேஸ் வாசித்தவன் நான். இளையராஜா பாட்டு என்றால் பேஸ்காரனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அப்போது வாசித்ததெல்லாம் ஃப்ரெட் உள்ள கிட்டார். வீணைக்கு மெட்டு எப்படியோ அப்படித்தான் கிட்டாருக்கு ஃப்ரெட். சுரம் எங்கே என்று அது காட்டிவிடும். லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பேஸ் கிட்டாருக்கு 'பிரிசிஷன்' என்று பெயர் வைத்ததே, ஃப்ரெட் இருப்பதால் சுரம் துல்லியமாக விழும் என்பதால்தான். பிறகு 1966-ல் ஆம்பெக் கம்பெனியும் 1970-ல் ஃபெண்டரும் ஃப்ரெட் இல்லாத பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1976-ல் ஜாகோ பாஸ்டோரியஸ் என்ற அமெரிக்க இளைஞரின் முதல் ஆல்பம் வந்தபோது, பேஸ் கிட்டார் பாடவும் செய்யும் என்று உலகம் கேட்டது.

அந்தப் பாடும் சத்தம் எங்கிருந்து வருகிறது? ஃப்ரெட் உள்ள கிட்டாரில் கம்பி உலோகத்தில் பட்டு நிற்கிறது. இதில் மரத்தில் படுகிறது. அதிரும் கம்பி, விரலுக்கு முன்னால் உள்ள மரத்தை லேசாக உரசிக்கொண்டே போவதால் 'ம்வா...' என்று ஒலி மெல்ல விரிகிறது. கம்பி உயரமாக இருந்தால் உரசல் இல்லை. தட்டினால் 'தொம்' என்று செத்துப்போகும். ரொம்பத் தாழ்ந்தால் கடகடவென்று அடிக்கும். ஆக, விஷயம் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய ஒரு வரிசை உண்டு. வரிசை மாறக்கூடாது.

முதலில் கழுத்து. கம்பியைப் பலகையின் இரு முனைகளிலும் அழுத்திப் பிடித்து நடுவில் பார். அழுத்திய கம்பியே உனக்கு அடிக்கோல். நடுவில் ஒரு காகிதம் நுழையும் அளவு சந்து போதும். அதிகமாக இருந்தால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடை வலப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் திருகு. மறுநாள் திரும்பப் பார். மரம் அவசரத்துக்கு மசியாது. இறுக்கமாக இருந்தால் பலவந்தம் பண்ணாமல் கைதேர்ந்தவரிடம் கொடு.

அடுத்து கம்பியின் உயரம். தலைப்பக்கம் உள்ள நட்டில், கம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். ஃப்ரெட் கிட்டாருக்கு வெட்டுவதுபோல உயரமாக விட்டிருந்தால் விரலும் வலிக்கும், சுரமும் ஏறும். பிறகு பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு. பலகையின் நடுவில் என்னுடையது மெல்லிய கம்பிக்கு ஒன்றரை மில்லிமீட்டர், தடித்த கம்பிக்கு இரண்டு.

மூன்றாவது சுருதி சேர்ப்பு. கம்பியின் சரிபாதியில் விரலை லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல ஒரு சத்தம் வரும். அதே இடத்தில் அழுத்தி வாசித்தாலும் அதே சுரம் வர வேண்டும். அழுத்தியது ஏறிக் கேட்டால் பிரிட்ஜில் உள்ள சேடிலைப் பின்னுக்கு நகர்த்து; இறங்கினால் முன்னுக்கு.

கம்பியில் இரண்டு வகை. ஃப்ளாட்வவுண்ட் வழவழப்பானது, மரத்துக்கு நல்லது, சத்தம் மென்மை. ரவுண்ட்வவுண்ட் சொரசொரப்பானது, சத்தம் கூர்மை, ஆனால் மரத்தைத் தின்னும். ஜாகோ தன் பலகைக்கு எபாக்ஸி பூசியது இந்தச் சொரசொரப்பைத் தாங்கத்தான். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைக் கூட்டி வை. வலது கையையும் பிரிட்ஜை ஒட்டி வை. ஆம்ப்ளிஃபயரில் பேஸ் குமிழை முழுக்கத் திருகாதே. தடித்த கம்பியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கர் அதைத் தராது, உறுமல்தான் வரும். நடு ஒலியைக் கூட்டு.

இவ்வளவும் ஒரு மாலை வேலை. மீதி உன் விரலும் காதும்.

வகுப்பில் பின்னம் நடத்தியது நினைவிருக்கிறதா? கம்பியின் நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 864 மி.மீ. பாதியில் விரல் வைத்தால் மேல் சட்ஜம். தலைப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில் பஞ்சமம். நாலில் ஒரு பங்கில் மத்தியமம். முதல் அரைச் சுரத்துக்கு விரல் 48 மி.மீ. நகர வேண்டும், பன்னிரண்டாவதற்கு 26 போதும். மேலே போகப் போக இடம் சுருங்குகிறது, தவறுக்கு இடமும் சுருங்குகிறது. இன்னொன்று: ஃப்ரெட் கிட்டாரில் ஃப்ரெட்டுக்குப் பின்னால் அழுத்துவோம். இதில் ஃப்ரெட் இருந்திருக்க வேண்டிய கோட்டின் மேலேயே விரலின் நடு சதை விழ வேண்டும். ஃப்ரெட் கிட்டாரிலிருந்து வருகிறவர்களுக்குச் சுரம் இறங்கிக் கேட்பது பெரும்பாலும் இதனால்தான்.

ட்யூனர் ஆப்பையே முறைத்துப் பார்க்காதே. சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, ச, ப, ச மட்டும் மெதுவாக வாசி. சுரம் நெருங்கி வந்தும் சேராமல் இருந்தால் அலை போல ஏறி இறங்கும். சேர்ந்ததும் அலை நின்றுவிடும். அந்த அமைதியைக் காது ஒருமுறை பிடித்துக்கொண்டால் விரல் தானாகப் போகும். தினம் பதினைந்து நிமிடம், ஒரு மாதம்.

நாலு கோடு நோட்டிலிருந்து கோடில்லாத தாளுக்கு உங்களை மாற்றியபோது முதல் வாரம் எழுத்தெல்லாம் மலை ஏறும். யாரையும் நான் திரும்ப நாலு கோட்டுக்கு அனுப்பியதில்லை. மாதம் முடிவதற்குள் வரி நேராகிவிடும். கோடு தாளிலிருந்து உங்கள் கண்ணுக்குள் வந்திருக்கும். இதுவும் அப்படித்தான். எனக்கு அறுபதைத் தாண்டி வந்தது. நாற்பதில் இருப்பவனுக்கு வராதா?

வீட்டில் பரணில் ஏதாவது வாத்தியம் தூங்குகிறதா? விற்பதற்கு முன் ஒருநாள் தூசி தட்டி, கம்பியின் உயரத்தைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். ஊருக்கு வந்தால் வாத்தியத்தோடு வீட்டுக்கு வாருங்கள். காபி உண்டு.

அன்புடன்,
உங்கள் சார்