நெற்றியளவுக் கம்பு

மலேசியாவின் செலாயாங்கில், பாசார் போரோங் என்னும் மொத்தச் சந்தையில் இரவு முழுவதும் காய்கறி மூட்டைகளை இறக்கிவிட்டு, விடியும் வேளையில் முகத்தை மாத்திரம் கழுவிக்கொண்டு, லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வந்து, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் தம் சிலம்ப ஆசானின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை நான் பல ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்திருக்கிறேன். ஆசானுக்கு எண்பது நெருங்குகிறது, முழங்கால் மடங்குவதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "டேய், இடது கால் எங்கேடா போவுது?" என்று ஓர் அதட்டல் போடுவார், பேரன் எடுத்துவிட்ட அந்த லாரிக்காரர், "சரிங்க ஆசானே" என்று பத்து வயதுப் பையனைப் போலக் காலை மாற்றி வைப்பார். நாற்காலிக்குக் கீழே தே தாரிக் ஆறிக்கொண்டிருக்கும்.

காலில் விழும் வழக்கத்தில் எனக்கு அவ்வளவு சம்மதம் இல்லை. குருபக்தி என்ற பெயரால் புத்தியை அடகு வைத்தவர்களையும், அந்த அடகிலேயே ஜீவனம் நடத்திய குருமார்களையும் நம் சமூகம் வேண்டிய மட்டும் கண்டிருக்கிறது. ஆயினும், பள்ளியில் எனக்குப் பாடம் சொன்னவர்களில் பாதிப் பேருடைய பெயர் ஞாபகத்திலிருந்து நழுவிவிட்டிருக்க, பதினான்காம் வயதில் ஆறே மாதம் கம்பு பிடித்துவிட்டுப் பரீட்சையைச் சாக்குச் சொல்லி நின்றுகொண்ட எனக்கு, இந்த ஆசானின் குரல் கேட்டால் இன்றும் முதுகு தானாக நிமிர்கிறதென்றால், அதை வெறும் பழக்கம் என்று தள்ளிவிட முடியவில்லை.

காரணம் கம்பின் நுனியில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சலாம் வரிசை முடிந்து, காலடியும் வீச்சும் ஓரளவு கைவந்த பிறகு, ஆசான் சிஷ்யனை எதிரே நிறுத்தி வீசத் தொடங்குவார். காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற பிரம்பு, காதோரத்தில், தலைமயிர் அசையும் தூரத்தில், யாரோ பிடித்து நிறுத்தியதுபோல நின்றுவிடும். கண்ணை மூடாமல் இருப்பதுதான் அன்றைய பாடம். உபாத்தியாயர் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் நம் கணக்குத்தான் தப்பும். இவருடைய கை ஒரு விரற்கடை தப்பினால் நம் காது போகும். அடிக்கும் சக்தி முழுவதும் உடைய ஒருவர், அடிபடும் தூரத்தில் நம்மை நிறுத்தி வைத்துக்கொண்டு, நூறு முறை, ஆயிரம் முறை அடிக்காமல் விடுகிறார் என்பதை, மனம் யோசித்து அறிவதற்கு முன்னரே தேகம் அறிந்துகொள்கிறது. பிறகு முறை மாறும். சிஷ்யன் வீசுவான், ஆசான் நிற்பார். தொட்ட இடம் தெரிவதற்காகக் கம்பின் நுனியில் திருநீற்றுப் பொடியைத் தடவுவதுண்டு. நம் லாரிக்காரர் பதினெட்டு வயதில் முதன்முதலாக ஆசானின் தோளில் வெள்ளைப் புள்ளி வைத்த அன்று, ஆசான் அந்தச் சட்டையைத் துவைக்கப் போடாமல் இரண்டு நாள் அதையே போட்டுக்கொண்டு திரிந்தாராம். இது ஆசானின் வீட்டம்மாள் சொன்னது.

ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் கட்டிய காலத்தில் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த வித்தை இது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நிற்க வேண்டியவர்கள், பால்வாளியை இறக்கி வைத்த மாலைகளில், லயத்துக்குப் பின்னால் மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் பழகினார்கள். 1963-இல் 'பெரிய இடத்துப் பெண்' படத்தில் எம்.ஜி.ஆர். கம்பு சுற்றியதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்து வாத்தியாரிடம் பையன்கள் வந்து குவிந்தார்களாம்; அந்தக் கும்பலில் கடைசிவரை நின்றவர்தாம் நம் ஆசான். பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான் குடியிருப்புகளாக மாறியபோது லயம் போயிற்று, சனங்கள் அடுக்குமாடிகளுக்குச் சிதறிப்போனார்கள். ஆசானைச் சுற்றியிருந்த வட்டம் மாத்திரம், பத்துமலையின் சுண்ணாம்புப் பாறை கண்ணுக்கெட்டும் இந்தத் திடலில் மறுபடியும் கூடிற்று.

இப்படிப்பட்ட பிணைப்பு சிலம்பத்துக்கு மாத்திரம் உரியதன்று. கேரளத்து வடகரையில் மீனாட்சி அம்மாள் ஏழு வயதில் களரிக்குள் நுழைந்து, தம் குருவான ராகவனையே பின்னர் மணந்து, அவர் காலத்துக்குப் பிறகும் அதே களரியை நடத்தி, 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அங்கே மாதக் கட்டணம் கிடையாது. சிஷ்யர்கள் இஷ்டப்பட்டுத் தருகிற தட்சிணைதான். 1922-இல் கராத்தேயைத் தோக்கியோவுக்குக் கொண்டுசென்று காட்டிய ஃபுனகோஷி, அதற்கு வெகு காலம் முன்பு ஒகினாவாவில் இரவில் விளக்கேந்தி நடந்துபோய், தம் ஆசான் அசாதோவின் வீட்டு முற்றத்தில் ஒரே வரிசையை மாதக்கணக்கில் திருப்பித் திருப்பிச் செய்தவர். செலாயாங் ஆசானும் கட்டணம் என்று வாய்திறந்து கேட்டதில்லை. அதைப் பற்றி வீட்டம்மாளிடம் கேட்டால் வேறு கதை வரும். அதை இங்கே எழுதுவது உசிதமன்று.

2020 ஏப்ரலில், கிருமித் தொற்றுக்காகப் பாசார் போரோங் வட்டாரத்தை முள்வேலியிட்டு அடைத்தபோது, ஆசானின் அடுக்குமாடி உள்ளே அகப்பட்டுக்கொண்டது. லாரிக்காரர் வெளியே நின்றுவிட்டார். மாலைதோறும் தம் வீட்டு முன்புற ஐந்தடி நடைபாதையில் காலடி போட்டு, அதை மகளைக் கொண்டு கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புவார். குசலம் விசாரிக்கத் தெரியாத ஆசானிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வரும்: "இடது கால்." அந்த இரண்டு சொல்லைக் கண்டபின்தான் அவர் சாப்பிட உட்காருவாராம்.

கம்பு தரையிலிருந்து நெற்றிவரை இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசானின் கணக்கு. இப்போது தாமே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற லாரிக்காரர், புதிதாகச் சேருகிறவர்களை ஆசானிடம் அழைத்துவந்து நிறுத்தி, பிரம்பை அவர் கையாலேயே அளந்து வெட்டச் சொல்லுவார். சென்ற மாதம் அப்படி ஒரு சிறுமிக்கு அளவு காட்டுவதற்காக ஆசான் சிரமப்பட்டு எழுந்து, தம் பழைய கம்பைப் பக்கத்தில் ஊன்றினார். ஒரு காலத்தில் அவர் நெற்றிக்கு அளந்து வெட்டிய அந்தக் கம்பு, இப்போது அவர் உச்சந்தலைக்குச் சமமாக நின்றது.

"கொஞ்சம் நறுக்கிடட்டுங்களா, ஆசானே?" என்றார் லாரிக்காரர்.

"கம்பு சரியாத்தான்டா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஆசான் சிறுமியின் பிரம்பைக் கையில் வாங்கினார்.