அப்பாவின் தோளுக்கு ஒரு மோட்டார்

600 மில்லிமீட்டர் நீளமுள்ள இரும்புத் தகட்டில் மில்லிங் இயந்திரம் ஒருமுறை ஓடி முடிக்க, கைச்சக்கரத்தை 120 தடவை சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு மேசை நகர்வது 5 மில்லிமீட்டர்தான். கிள்ளானில் சிறு பட்டறை நடத்தும் என் அப்பா, செம்பனை ஆலைகளுக்கான தகடுகளை 30 ஆண்டுகளாக இப்படித்தான் செதுக்கி வந்தார். அகலமான தகடென்றால் பத்து முறைக்கு மேல் ஓட்ட வேண்டியிருக்கும்.

போன வருடம் வலது தோள் பிடித்துக்கொண்டது. சட்டை போடவும் அம்மாவின் உதவி தேவைப்பட்டது. "ஓய்வு கொடுங்கள்" என்றார் மருத்துவர். "பட்டறையை மூடிட்டு வீட்டில இருங்க" என்றாள் அக்கா. அப்பா அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

எந்த அசைவில் வலி அதிகம் என்று கேட்டேன். அளப்பதிலோ தகட்டைப் பூட்டுவதிலோ இல்லை. சக்கரம் சுற்றுவதில் மட்டுமாம். அந்த ஒரு வேலையை மோட்டாரிடம் கொடுத்தால் போதும்.

பழைய கார் உதிரிபாகக் கடையில் ஒரு வைப்பர் மோட்டார் வாங்கினேன். 12 வோல்ட், வேகம் குறைவு, இழுவை அதிகம். நிமிடத்திற்குச் சுமார் 40 சுற்று. 10 பல் சக்கரத்தை மோட்டாரிலும் 20 பல் சக்கரத்தைத் திருகிலும் பூட்டிச் சங்கிலி போட்டேன். 20 சுற்றாகக் குறைந்தது. அதாவது, மேசை நிமிடத்திற்கு 100 மில்லிமீட்டர் நகரும். அப்பாவின் வழக்கமான 16 மில்லிமீட்டர், நான்கு பல் கட்டருக்கு அது பொருத்தமான வேகம்.

மோட்டாரைச் சுழல வைக்க ஒரு மாலை போதும். அதை நிறுத்துவதற்கான ஏற்பாடுகளுக்குத்தான் மூன்று வாரம் ஆனது. மேசையின் இரு முனைகளிலும் தானாக மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச். கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு நிறுத்து பொத்தான். கம்பி சூடாகுமுன் அறுந்துபோக ஃபியூஸ். மோட்டார் ஓடும்போது மறுமுனைக் கைப்பிடியும் சுழன்று வயிற்றில் இடிக்கும் என்பதால், அதைக் கழற்றி வைக்கும்படி செய்தேன். இந்த மோட்டாரின் உடலே ஓர் இணைப்பாக இருந்ததால், திசை மாற்றுவதற்காக அதைத் திறந்து தனி வயர் இழுத்தேன்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"ஏன்டா தம்பி, கட்டர் திணறுனா என் கைக்குத் தெரியும். உன் மோட்டாருக்குத் தெரியுமா?"

தெரியாது. அதனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி ஒன்றை அவர் நிற்கும் இடத்திலேயே பொருத்தினேன். இப்போது ஒரு விரல் திருகியில் இருக்க, காது கட்டரில் இருக்கிறது. சத்தம் கனத்தால் வேகத்தைக் குறைக்கிறார். நுட்பமான வேலைக்குச் சங்கிலிப் பிடியை விடுவித்துவிட்டுக் கையாலேயே சுற்றிக்கொள்கிறார். சீரான வேகத்தில் நகர்வதால், கை நின்று நின்று போன இடங்களில் விழுந்த கோடுகள் தகட்டில் இல்லை. நகத்தால் தடவிப் பார்த்து, "பரவாயில்லை" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

தோள் வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் சட்டையை அவரே போட்டுக்கொண்டு எட்டு மணிக்குப் பட்டறையைத் திறக்கிறார்.

உங்கள் வீட்டிலும் தையல் இயந்திரத்திலோ சமையலறையிலோ கை தேய உழைத்தவர்கள் இருப்பார்கள். "வேலையை விடுங்கள்" என்று சொல்லுமுன், எந்த அசைவு வலிக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விட வேண்டியது அந்த ஒன்றாக மட்டும் இருக்கலாம்.