மரக்காணம்: டயர் ஏறக் கூடாத வெள்ளைத் தரை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் சுமார் 120 கிலோமீட்டரில் மரக்காணம். விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர ஊர். ஊரை ஒட்டி, சாலையோரத்தில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை வெளி விரிகிறது. கட்டம் கட்டமாகத் தண்ணீர், நடுநடுவே உப்புக் குவியல்கள், அதற்கு மேல் வானம் மட்டுமே. செல்போனை வெளியே எடுக்காமல் இந்த இடத்தைக் கடப்பது கஷ்டம்.

குஜராத்தின் கட்ச் வெள்ளைப் பாலைவனத்தைப் பார்க்க, ரயில் டிக்கெட்டில் தொடங்கி தோர்டோ கிராமத்துக் கூடார நகரில் இடம் பிடிப்பதுவரை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். இங்கே வர சனிக்கிழமை காலையில் கிளம்பினால் போதும். நாலு நண்பர்கள், ஒரு ஜீப், பின்னால் சுருட்டிவைத்த கூடாரம். சாலையை விட்டு இறங்கி, உப்பளத்தின் குறுக்கே ஓட்டிப்போய், கடலோரத்தில் ராத்திரியைக் கழித்தால் என்ன என்று தோன்றும். ஆசையில் தப்பில்லை. ஆனால், பார்வைக்குத்தான் இது பாலைவனம். இங்கே ஒவ்வோர் அடியும் யாரோ ஒருவர் உழைத்து உருவாக்கிய தரை.

காலால் மிதித்த பாத்தி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் உப்பளத்தில் வேலை தொடங்கும். தேங்கிய மழைநீரை வெளியேற்ற வேண்டும். சேற்றை அள்ளி, கரைந்த வரப்புகளை மறுபடி கட்ட வேண்டும். பிறகு பாத்தியின் தரையைக் காலாலேயே மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகினால்தான் உவர்நீர் கீழே கசியாது. வாரும்போது உப்போடு மண் வராது.

ஒரு லிட்டர் கடல்நீரில் இருப்பது சுமார் 35 கிராம் உப்புதான். அந்த நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் வற்றவைக்கிறார்கள். முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிகின்றன. அடர்த்தி 25 டிகிரி பாமே அளவைத் தொடும்போது நாம் சாப்பிடும் உப்பு பூக்கத் தொடங்கும். கடைசியில் மிஞ்சும் நீரில் மக்னீசியம் சேர்ந்து கசப்பு ஏறியிருக்கும். அதை வெளியே விட்டுவிடுவார்கள். எந்த நேரத்தில் வாருவது, எப்போது நீரை வடிப்பது என்பது அனுபவத்தில் வரும் கணக்கு.

இந்தத் தரையில் ஒரு ஜீப் ஏறினால் என்ன ஆகும்? இறுக்கிய களிமண் உடையும். உடைந்த இடத்தில் உவர்நீர் கசியும். வாரும் உப்பு அழுக்காகும். வரப்பு சரிந்தால் ஒரு பாத்தியின் நீர் அடுத்த பாத்தியில் கலந்து, பல நாள் வெயிலில் வற்றவைத்தது வீணாகும். வண்டிக்கும் நல்லதில்லை. மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும் வெள்ளைப் பொருக்குக்குக் கீழே கரிய சேறு இருக்கும். சக்கரம் புதைந்தால் டிராக்டர் தேடி ஓட வேண்டியதுதான்.

வெயிலுக்குப் பயந்து, வெளிச்சம் வருவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிடும் தொழிலாளர்கள் உண்டு. உப்பு நீர் காலைப் புண்ணாக்குகிறது. வெள்ளையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. கோடையில் திடீரென ஒரு மழை பெய்தால் விளைந்த உப்பு கரைந்துபோகும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேலையே இருக்காது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது.

பாணருக்குச் சொன்ன வழி

இந்தக் கரைக்குப் பயணக் குறிப்பு எழுதுவது புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, வறுமையில் வாடும் பாணனை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போகச் சொல்லி வழிகாட்டும் நூல். அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது அறிஞர்களின் கருத்து. அதைப் பாடிய நத்தத்தனாரின் ஊர் இடைக்கழி நாட்டு நல்லூர். இடைக்கழிநாடு என்ற பெயர் மரக்காணத்துக்குச் சற்று வடக்கே ஒரு பேரூராட்சியின் பெயராக இன்றும் வழங்குகிறது.

அந்தப் பக்கம் கடப்பாக்கத்தில் வண்டியைத் திருப்பினால் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளைப் பார்க்கலாம். 18-ம் நூற்றாண்டில் நவாபுகள் காலத்தில் கட்டப்பட்டது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மரக்காணம் ஊருக்குள் சோழர் காலக் கல்வெட்டுகளோடு பூமீஸ்வரர் கோயில் இருக்கிறது.

ஆந்திராவின் பெத்தகஞ்சத்தில் தொடங்கி சுமார் 420 கிலோமீட்டர் ஓடிவரும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் இந்தக் கரையில்தான். லாரிகள் வருவதற்கு முன்பு உப்பும் விறகும் படகில் போன பாதை அது. ஊருக்குத் தென்மேற்கே பரந்து கிடக்கிறது கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,151 ஹெக்டேருக்கு மேல். குளிர்காலத்தில் மத்திய ஆசியா வழியே வரும் பறவைகளுக்கு இது முக்கியமான தங்குமிடம்.

கூடாரத்தோடு வருபவர்களுக்கு

உப்பு விளைவதைப் பார்க்க பிப்ரவரி முதல் ஜூன் வரை நல்ல காலம். பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வண்டியைச் சாலையோரத்தில் பாதுகாப்பாக நிறுத்திவிட்டு இறங்குங்கள். வரப்பில் இருப்பவரிடம், ‘அண்ணா, உள்ளே வந்து பார்க்கலாமா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ‘அந்த வரப்பு வழியா வாங்க, இது நேத்துதான் கட்டினது’ என்று அவர் காட்டும் வழியிலேயே நடங்கள். படம் எடுக்கும் முன்பும் கேட்டுவிடுங்கள். குடிநீரும் தொப்பியும் கையில் இருக்கட்டும். உப்பளத்தில் நிழல் கிடைக்காது.

கடற்கரை மணலிலும் டயர் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையோரங்களில் ஏறி முட்டையிடும் காலம். மணலுக்கு அடியில் இருக்கும் முட்டைகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடலென்று நினைத்து நகரும். கூடாரத்து விளக்கும் தீமூட்டமும் அவற்றைக் கரைப் பக்கம் இழுத்துவிடும். அந்த மாதங்களில் கரையில் தங்கும் எண்ணத்தை விட்டுவிடுவதே நல்லது. மற்ற மாதங்களில் பக்கத்துக் குப்பத்து மீனவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்து இடம் காட்டினால் மட்டும் கூடாரம் அடியுங்கள். எங்கே இறங்கக் கூடாது, முகத்துவாரத்தில் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதையும் அவர்கள்தான் சொல்வார்கள். சரணாலய எல்லைக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும்.

கிளம்பும்போது அங்கேயே கல்லுப்பு கிடைத்தால் ஒரு பை வாங்கிக்கொள்ளலாம். வீட்டுச் சமையலறையில் அந்த ஜாடியைத் திறக்கும்போதெல்லாம், பாத்தியை மிதித்து இறுக்கியவர்களின் கால்கள் நினைவுக்கு வரும்.